பேங்கில் பழகியது, ஓபியில் ஏன் பழகவில்லை?

கேள்வி: "நான் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரல் மெடிசின் டாக்டர். கேஸ் ஷீட் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதிலிருந்து, 'பேஷண்ட் பார்த்து டயர்ட் ஆகலப்பா, சிஸ்டத்தோட மல்லுக்கட்டித்தான்' என்கிறாள். எங்கள் பிராஞ்சுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நாங்களும்தான் முனகினோம். ஆறே மாதத்தில் பழகிவிட்டது. இத்தனை படித்த டாக்டர்களுக்கு ஏன் பழகவில்லை?"

சார், உங்கள் மகளுக்கு அது எப்போதோ பழகியிருக்கும். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பழகிய பிறகும் களைப்பு குறைவதில்லை. நானும் பொது மருத்துவன்தான். சில வருடங்களாக எங்கள் மருத்துவமனையில் மென்பொருள் வாங்கும், மாற்றும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன பேங்க் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கவுண்டரில் ஒருவர் செக்கை நீட்டுகிறார். கணக்கு எண், கையெழுத்து, இருப்பு. மூன்றும் சரியென்றால் பணம். நீங்கள் யோசிக்க வேண்டியது அந்த மூன்றை. கம்ப்யூட்டர் கேட்டதும் அதையேதான். லெட்ஜரில் கூட்டிக் கழித்த பாரத்தையும் அது வாங்கிக்கொண்டது. அடுத்த ஆள் வந்ததும் முந்தைய ஆளை நீங்கள் மறந்துவிடலாம்.

இப்போது ஓபிக்கு வாருங்கள். வியாசர்பாடியிலிருந்து 62 வயது அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம். "மூணு நாளா மாடி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர், ராத்திரி படுத்தா இருமல், காலு வேற வீங்கிக் கெடக்கு." இதைக் கேட்ட நொடியில் டாக்டரின் மனதில் நாலைந்து சந்தேகங்கள் ஒன்றாக எழுகின்றன. இதயம் தளர்கிறதா? கிட்னி கெடுகிறதா? ரத்தசோகையா? நுரையீரலில் சளியா? இல்லை, யாராவது புதிதாக எழுதிக்கொடுத்த மாத்திரையின் வேலையா? ஒவ்வொன்றுக்கும் ஒரு தடயம் தேவை. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு? ஹீமோகுளோபின் இறங்கியிருக்கிறதா? கடைசி எக்கோவில் இதயத்தின் பம்ப் எப்படி இருந்தது? யார் என்ன மாத்திரை கொடுத்தார்கள்?

பதில்கள் எல்லாம் சிஸ்டத்தில் இருக்கும். எங்கெங்கே என்பதுதான் சிக்கல். ரத்தப் பரிசோதனை ஒரு டேபில்; அதிலும் இன்றைய ரிப்போர்ட்டைத் திறந்தால் பழையதை மூட வேண்டும். எக்கோ ரிப்போர்ட், ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப். பக்கம் குறுக்கே படுத்திருக்கும். மாத்திரைப் பட்டியல் பார்மசி திரையில், அதுவும் இந்த மருத்துவமனையில் எழுதியது மட்டும். மூட்டு வலிக்குப் போன வாரம் தெருமுனை கிளினிக்கில் வாங்கிய வலி மாத்திரை, அந்த அம்மா மடியில் வைத்திருக்கும் ஜவுளிக்கடைக் கவருக்குள் ஒரு கசங்கிய சீட்டில் இருக்கிறது. கிட்னியைக் கெடுத்து, உடம்பில் நீரைத் தேக்கி, மூச்சிரைப்பில் கொண்டுவந்து விட்டது அதுவாகவே கூட இருக்கலாம்.

ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முதல் திரையின் எண்ணை மனதில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். 1956ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர், மனிதன் ஒரே நேரத்தில் ஏழு சொச்சம் விஷயங்களைத்தான் மனதில் பிடித்துவைக்க முடியும் என்று எழுதினார். 2001ல் நெல்சன் கோவன் அதை ஆராய்ந்து, உண்மையில் நாலு என்பதே சரி என்றார். நாலு! கிரியாட்டினின், ஹீமோகுளோபின், எக்கோ, வலி மாத்திரை என்றாலே இடம் நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் "கடவுச்சொல்லை மாற்றவும்" என்று ஒரு கட்டம் குதித்தால் அந்த நாலில் ஒன்று விழும். எது விழுந்தது என்றும் தெரியாது. மறுபடி லேப் டேபுக்குப் போய்ப் பார்ப்பார். உங்கள் மகள் ஒரே ரிப்போர்ட்டை மூன்று தடவை திறப்பது இதனால்தான்.

1988ல் ஜான் ஸ்வெல்லர் என்ற கல்வி உளவியலாளர் மனச்சுமை பற்றிய தன் கோட்பாட்டை முன்வைத்தார். பின்னால் அது வளர்ந்தபோது சுமை தரம் பிரிக்கப்பட்டது: விஷயத்திலேயே இருக்கும் கடினம் ஒன்று, அதை முன்னால் வைக்கும் விதத்தால் வரும் கடினம் வேறொன்று. மூச்சிரைப்பின் காரணத்தைத் தேடுவது முதல் வகை. டாக்டராகப் படித்ததே அதற்காகத்தான், அதில் வரும் களைப்பில் ஒரு திருப்தியும் உண்டு. நாலு டேபில் சிதறிக் கிடப்பதைப் பொறுக்குவது இரண்டாவது வகை. அதில் திருப்தி ஏதும் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. சிஸ்டம் எல்லாவற்றையும் சேமிக்கிறது. சேர்த்துப் பார்ப்பது மட்டும் டாக்டரின் தலையிலேயே விடப்பட்டிருக்கிறது. அந்த வேலைக்கு எந்த ரிஜிஸ்டரிலும் கணக்கு இல்லை. என்னைக் கேட்டால் விஷயத்தின் மையம் இதுதான்.

டைப்பிங் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவமனை நிர்வாகங்களும் அப்படி நினைத்துத்தான் பயிற்சி வகுப்பு வைக்கின்றன. டைப்பிங் ஒரு சின்ன பங்கு. நோயாளி தமிழில் சொல்வதைக் கேட்டு, கண்ணைப் பார்த்து, அதே மூச்சில் இங்கிலீஷில் பதிவது ஒரு வேலை. எத்தனை வேகமாக அடித்தாலும் அது குறையாது.

சென்னைக்கே உரிய இன்னொரு பாரம் பெயர். நமக்கு இனிஷியல், மென்பொருளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். ரிஜிஸ்ட்ரேஷனில் ஒருவர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடுவார், அடுத்த முறை இன்னொருவர் கணவர் பெயரைப் போடுவார், மூன்றாவது முறை வெறும் 'எஸ்'. ஒரே ஆளுக்கு இரண்டு யூஎச்ஐடி (மருத்துவமனை கொடுக்கும் நோயாளி எண்), பழைய ரிப்போர்ட் எல்லாம் மற்றதில். அல்லது எஸ். லட்சுமி என்று தேடினால் பக்கம் முழுக்க லட்சுமிகள். வயதை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். சரியான ஆளைத்தான் திறந்திருக்கிறோமா என்ற சின்ன பயம் ஒவ்வொரு முறையும் மூளையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு, ஒரு நேரத்தில் ஒரே நோயாளியின் பதிவைத்தான் திறக்கலாம் என்று பூட்டுப் போட்டால் போதுமே என்று தோன்றும். நியூயார்க்கில் 3,000க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு பதிவு, மீதிப் பேருக்கு நாலு வரை என்று விட்டுப் பார்த்தார்கள். 2019ல் முடிவு வெளியானது. ஆள் மாறி ஆர்டர் போடுவதில் இரு பக்கமும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பூட்டு போடுவதற்கு முன் எதற்குப் போடுகிறோம் என்று அளந்து பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எங்கள் குழுவில் நான் அடிக்கடி இழுப்பேன்.

எச்சரிக்கைக் கட்டங்களின் கதை இன்னும் மோசம். இந்த மருந்தோடு அந்த மருந்து சேரக்கூடாது, டோஸ் அதிகம், அலர்ஜி என்று திரையில் குதிப்பவை. நல்ல எண்ணத்தில் வைத்தவைதான். நாள் முழுக்க இப்படிக் குதித்தால், அதில் பெரும்பாலானவை அற்பமானவையாக இருந்தால், கை தானாக 'ஓகே' அழுத்தப் பழகிவிடும். ஆய்வுகளில் பாதியிலிருந்து பத்தில் ஒன்பது வரை எச்சரிக்கைகள் படிக்காமலோ மதிக்காமலோ தாண்டப்படுவதாக வந்திருக்கிறது. நீங்கள் 'பழகிவிடும்' என்றீர்களே, டாக்டர்கள் உண்மையில் பழகிக்கொள்வது இதற்குத்தான்.

2013ல் சான் பிரான்சிஸ்கோவில் பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். 16 வயதுப் பையன், எடை 38.6 கிலோ. வழக்கமாகச் சாப்பிடும் ஆண்டிபயாடிக், ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக் கணக்கில்தான் டோஸ் போட வேண்டும் என்பது அங்கே விதி. இளம் டாக்டர் அப்படியே போட்டார். கணக்கில் 193 மில்லிகிராம் வந்தது. மாத்திரையோ 160. பார்மசிஸ்ட் போன் செய்து, 160 என்றே திருத்திப் போடச் சொன்னார். டாக்டரும் 160 என்று அடித்தார். கட்டத்தில் அலகு 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்றே நின்றிருந்தது. 160ஐ 38.6ஆல் பெருக்கிக்கொண்டது மிஷின். முப்பத்தெட்டரை மாத்திரை! எச்சரிக்கை வந்தது, டாக்டர் தாண்டினார். பார்மசிஸ்டுக்கும் வந்தது, அவரும் தாண்டினார். ரோபோ மாத்திரைகளைப் பொட்டலம் கட்டியது. நர்சுக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் பார்கோடு ஸ்கேனர் சரியென்றது. பையனுக்கு வலிப்பு வந்து, பிழைத்துக்கொண்டான்.

இதில் யாரும் அசட்டை இல்லை, எல்லோரும் கவனமானவர்கள். ஒரே கட்டம் இரண்டு நிலைகளில் வேலை செய்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது கண்ணில் உறைக்கும்படி இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு மனிதனுக்கு. காகிதத்தில் முப்பத்தெட்டரை மாத்திரை என்று எழுத யாருக்கும் கை வராது.

சரி, நேரக் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2009ல் சட்டம் போட்டு, பணமும் கொடுத்து, மருத்துவமனைகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். 2016ல் வெளியான ஓர் ஆய்வில் 57 டாக்டர்களைக் கூடவே நின்று கவனித்தார்கள்: நோயாளியோடு நேரடியாக 27 சதவீத நேரம், சிஸ்டமும் மேஜை வேலையுமாக 49 சதவீதம். அடுத்த வருடம் குடும்ப மருத்துவர்களைப் பற்றி வந்த இன்னொன்றில், 11.4 மணி நேர வேலை நாளில் 5.9 மணி நேரம் சிஸ்டத்தில் போவதாகக் கணக்கு.

இந்த எண்களை அப்படியே சென்னைக்குப் பொருத்தக்கூடாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வந்த கட்டுரைப்படி இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடுவது சராசரியாகச் சுமார் 2 நிமிடம், ஸ்வீடனில் 22. அங்கே பாரம் மணிக்கணக்காக நீளுகிறது, இங்கே நிமிடத்துக்குள் நசுங்குகிறது. இரண்டு நிமிடத்தில் நாலு திரை திறக்க வழியே இல்லை. அதனால் இங்கே நடப்பது வேறு: பாரம் கீழே இறங்குகிறது.

ரவுண்ட்ஸில் சீஃப் படுக்கை படுக்கையாகப் போய்ச் சொல்லிக்கொண்டே வருவார். "இவருக்கு லேசிக்ஸ் குறை, அவருக்கு நாளைக்கு ரிப்பீட் சோடியம், அந்தத் தாத்தாவுக்கு நியூரோ ஒப்பீனியன்." பின்னால் வரும் டியூட்டி டாக்டரோ, மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டரோ, உள்ளங்கை அகலத் தாளில் கிறுக்கிக்கொண்டு, மீதியை மனதில் வைத்துக்கொண்டு ஓடுவார். வார்டில் வேலை செய்யும் கம்ப்யூட்டர் காலியாக இருப்பதைப் பிடித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்ற ஆரம்பிக்கும்போது ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும்.  செய்ய வேண்டியதாகத் தொங்கும் வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில் டிஸ்சார்ஜ் சம்மரி. இன்சூரன்ஸ் கேஷ்லெஸ் என்றால் சம்மரி போனால்தான் டிபிஏ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்மைப் பார்க்கும் நிறுவனம், ஒப்புதல் தரும், ஒப்புதல் வந்தால்தான் வீட்டுக்கு. நோயாளியின் மகன் நர்சிங் ஸ்டேஷனில் நின்று, "காலைல பத்து மணிக்கே போலாம்னு சொன்னீங்களே" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அவசரத்தில்தான் நேற்றைய குறிப்பை அப்படியே காப்பி செய்து ஒட்டுவது நடக்கிறது. மூன்றாம் நாளும் 'காய்ச்சல் உண்டு' என்றே போகும். அடுத்து படிப்பவருக்கு எது இன்றையது, எது பழையது என்று பிரிக்கும் வேலை கூடுகிறது. ஒருவர் இறக்கிய பாரம் இன்னொருவர் தலையில்.

நர்சுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. வலி மதிப்பெண், கீழே விழும் ஆபத்து, படுக்கைப்புண் ஆபத்து என்று தரச்சான்றுக்காக ஷிப்டுக்கு ஷிப்ட் நிரப்ப வேண்டியவை ஏராளம். பல இடங்களில் சிஸ்டத்திலும் போட வேண்டும், 'எதற்கும் இருக்கட்டும்' என்று ரிஜிஸ்டரிலும் எழுத வேண்டும். அரசுப் பக்கம் காசநோய்க்கு நிக்ஷய், கர்ப்பிணிகளுக்கு பிக்மி, தொற்றுநோய்க்கு இன்னொரு தளம் என்று வெவ்வேறு வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு லாகின். 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 14 இலக்க ஆபா எண்ணைக் கொடுத்து எல்லா மருத்துவமனைப் பதிவுகளையும் இணைக்கப் பார்க்கிறது. நோயாளிக்கு நல்லதுதான், அந்த வியாசர்பாடி அம்மாவின் வலி மாத்திரைச் சீட்டு ஒருநாள் அதில் தெரியலாம். ஆனால் நாற்பது பிடிஎஃப் வரிசையாக வந்து விழுந்தால், கவரைத் துழாவியது போய்த் திரையைத் துழாவுவதாக ஆகும்.

காகிதத்துக்கே திரும்பிவிடலாம் என்பவர்கள் என் சக டாக்டர்களிலேயே உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எம்ஆர்டியில், அதாவது பழைய கேஸ் ஷீட்களை அடுக்கி வைக்கும் பிரிவில், ஃபைல் கிடைக்காமல் அதே ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. சீனியரின் கையெழுத்தை நாலு பேர் கூடி ஆராய்ந்ததும் மனச்சுமைதான். இன்று நடுராத்திரி ஐசியூவிலிருந்து போன் வந்தால் பொட்டாசியத்தை வீட்டிலிருந்தே பார்த்துச் சொல்ல முடிகிறது. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கருவி பயன்படுத்த எளிதா என்று பத்துக் கேள்வி கேட்டு நூறுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று 1986ல் ஜான் புரூக் உருவாக்கியது. அமெரிக்காவில் 870 டாக்டர்களிடம் அவர்களுடைய சிஸ்டத்தைப் பற்றிக் கேட்டபோது வந்த சராசரி 45.9. இதே முறையில் மற்ற ஆய்வுகளில் எக்செல் 57 வாங்கியிருக்கிறது, கூகுள் தேடல் 93. உங்கள் பேங்க் ஏடிஎம்? 82. மதிப்பெண் ஒன்று கூடினால், மனம் வெறுத்துச் சோர்ந்துபோகும் வாய்ப்பு 3 சதவீதம் குறைவாக இருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. சுமையையே அளக்க வேண்டுமென்றால் 1988ல் நாசாவில் வந்த டிஎல்எக்ஸ் என்ற ஆறு கேள்விப் படிவம் இருக்கிறது. மனஉழைப்பு, நேர நெருக்கடி, எரிச்சல் எல்லாம் தனித்தனியாக வரும். விமானிகளுக்காகத் தொடங்கி இப்போது ஐசியூ வரை வந்துவிட்டது. பத்து நிமிடம் கூட ஆகாது. மென்பொருள் வாங்கும்போது விலையைக் கேட்கிறார்கள், சர்வரைக் கேட்கிறார்கள். வார்டில் நாலு பேரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தோம் என்று சொல்லும் மருத்துவமனையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

உங்கள் மகள் தனியாகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே அரை நிமிடம் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவது. முக்கியமான இரண்டு மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்வது. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அந்த நாலு இடத்தில் ஒன்றிரண்டு காலியாகும். ஆர்டரை அழுத்துவதற்கு முன் பெயரையும் வயதையும் வாய்விட்டுச் சொல்வது. நோயாளிக்கும் திரை தெரியும்படி மானிட்டரைத் திருப்பி வைப்பது. எழுதும்போது "இதை மட்டும் பதிஞ்சுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு எழுதினால், பேச்சும் எழுத்தும் ஒன்றையொன்று இடிக்காது.

மீதி எல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியது. மூச்சிரைப்பு என்றால் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், எக்கோ, மாத்திரை எல்லாம் தேதி வரிசையில் ஒரே திரையில் வர வைக்கலாம். தொழில்நுட்பத்துக்கு இது பெரிய காரியம் இல்லை, யாராவது கேட்க வேண்டும். யாரும் மதிக்காத எச்சரிக்கைகளை எண்ணிப் பார்த்து அணைத்துவிடலாம். சிஸ்டத்தில் போட்டதை ரிஜிஸ்டரிலும் எழுதும் பழக்கத்தை நிறுத்தலாம். பக்கத்தில் உட்கார்ந்து பதிவுசெய்ய ஓர் ஆளை வைப்பது, ஓபி அதிகமுள்ள டாக்டர்களுக்குக் கட்டுப்படியாகும். பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் ஏஐ கருவிகளைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ், இடையில் நோயாளியின் மருமகள் குறுக்கிட்டுச் சொல்வது என்றிருக்கும் நம் ஓபியில் அவற்றை வைத்துப் பார்க்காமல் நம்பிவிட மாட்டேன். அது எழுதியதைச் சரிபார்ப்பதும் ஒரு மூளை வேலைதான். சரளமாக எழுதப்பட்ட தவறைக் கண்டுபிடிப்பது, தானே எழுதுவதை விடக் கஷ்டம்.

உங்கள் மகள் நாளைக்கே தொடங்கலாம் என்றால் இதைச் சொல்வேன். புகாராக எழுதாமல் கணக்காக எழுதச் சொல்லுங்கள். மூச்சிரைப்போடு வந்த ஒரு நோயாளிக்கு அந்த நாலு தடயத்தையும் பார்க்க எத்தனை கிளிக், எத்தனை திரை, நடுவில் எத்தனை கட்டம் குதித்தது, எத்தனை முறை லாகின் கேட்டது. ஒரே ஒரு நோயாளி போதும். அந்தத் தாளோடு மெடிக்கல் சூப்பரின்டெண்டெண்டிடம் போகும்போது ஐடி மேனேஜரும் அறையில் இருப்பது நல்லது. கணக்கை எப்படி வரிசைப்படுத்துவது என்பதில் நீங்களே உதவலாம் சார்.